சார்ஜ் நிற்காத போன்

அந்தப் போன் அவருடையது. நான் டீச்சராக இருக்கும் பாடசாலையில் கணிதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் அவர். இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முந்தி, கொட்டகலையில் பஸ் நிற்கும் இடத்தில் வைத்து, தோய்த்துக் காயவைத்த ஒரு காலுறைக்குள் அதைப் போட்டுச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“என்ர பழசு. நான் வேற ஒண்டு எடுத்திட்டன். உம்மட போனில நான் கதைக்கிறது அரைவாசி கேக்குதில்லை எண்டுறீர். இதை வச்சிரும். பற்றரி மட்டும் கொஞ்சம் பழுது.”

போனுக்கு ஓர் உறை வாங்கத் தோன்றாத, ஆனால் கீறல் விழக்கூடாது என்று காலுறையைத் தோய்த்து எடுத்துவரத் தோன்றிய மனிதர். நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ் வரும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

அவர் வந்த புதிதில் ஆசிரியர் அறையில் இருந்த மணிக்கூடு நின்றுவிட்டது. “பற்றரி மாத்தோணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பேட்ரின்னு சொல்லுங்க சேர்.”

“ஏன், பற்றரி எண்டால் மணிக்கூடு ஓடாதோ?”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரே பஸ்ஸில் வந்துபோனோம். அவர் பாதி வழியில் இருந்த கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, வருவேன். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் போட்டுக்கொண்டு வகுப்பெடுப்பார். பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் இரண்டு வருடம் என்னை “டீச்சர்” என்றுதான் கூப்பிட்டார். மூன்றாம் வருடம் ஒரு நாள், மழையில் பஸ் வராமல் நின்றபோது, “நீர் குடையைப் பிடியும், நான் பையைப் பிடிக்கிறன்” என்றார். எங்கள் பக்கம் யாரும் யாரையும் நீர் என்று சொல்வதில்லை. வீட்டில் ஜெபம் பண்ணும்போது ஆண்டவரைத்தான் அப்படிச் சொல்லிப் பழக்கம். அந்த ஒரு சொல்லுக்காக அன்று பஸ்ஸை விட்டு இறங்கி லயம் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தேன், குடை கையில் இருந்தும்.

அவர் போன பிறகு வாழ்க்கை மாலை ஐந்து மணியைச் சுற்றியது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலைக்கு மேலே தார் ரோடு திரும்பும் ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகக் கேட்கும். ஐந்து மணிக்கு நான் அங்கே நிற்பேன், அவர் ஊரிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். பாடசாலையிலும் சிக்னல் இருந்தது, ஆனால் ஆசிரியர் அறையில் காதுகளும் இருந்தன.

பழைய பேட்டரிக்குக் குளிர் ஆகாது. லயத்தில் நாற்பது என்று காட்டும் சார்ஜ், முடக்குக்கு ஏறி வருவதற்குள் இருபது ஆகிவிடும். மூடுபனி இறங்கும் நாளில் ஐந்து, மூன்று, பிறகு கறுப்புத் திரை. அதனால் போனை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏறுவேன். அது அடிக்கும்போது உடம்பே நடுங்குவது போலிருக்கும். காதில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்.

“சாப்பிட்டீரோ?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, எந்த நேரமானாலும்.

“மணி அஞ்சு. இப்ப யாரு சாப்பிடுவா?”

“நான் சாப்பிட்டன். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினவ.”

பத்து நிமிடத்தில் போன் அணைந்துவிடும். பாதிச் சொல்லில் அணையும். இறங்கி வந்து சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் கட். அந்த வருடம் நாட்டில் எல்லாருக்கும் அதுதான் கதை. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை, எரிவாயு இல்லை, எண்ணெய்க்கு ரோடு நீளத்துக்கு வரிசை. கப்பலில் சாமான் வருவதும் நின்றுபோனது. புதுப் போன் விலையைக் கேட்டவர்கள் திரும்பிப் போய்ப் பழையதைத் துடைத்து வைத்துக்கொண்டார்கள். நான் விலையைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு வேறு போன் தேவைப்படவில்லை. அவர் விரல் பட்டு எழுத்து அழிந்த பொத்தான்கள் இதில் இருந்தன.

முதல் பேட்டரியை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், நடைபாதையில் பாய் விரித்து சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் வாங்கினேன். சார்ஜர் வயர், காதுக்குச் செருகும் ஹெட்போன், டார்ச் லைட், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையப் பேட்டரி. என் பேட்டரியைக் கழற்றிக் காட்டினேன். கூடைக்குள் கைவிட்டுத் துழாவி அதே அளவில் ஒன்றை எடுத்துத் தந்தார். மேலே தங்க எழுத்தில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருந்தது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. சார்ஜ் அளவைக் குறிக்கும் எண் மட்டும் என் பழைய பேட்டரியில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. கையில் எடுத்தால் பிஸ்கட் போல எடையே இல்லை. எடையில்லாத சாமானுக்குள் எப்படி இரண்டு மடங்கு இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், இரண்டு மடங்கு நேரம் பேசலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் பேசினோம். வீட்டில் எங்களைப் பற்றிப் பேசப்போவதாக அவர் சொன்னது அன்றுதான்.

“அம்மாட்ட மெதுவாத்தான் சொல்லோணும். நீர் கொஞ்சம் பொறும்.”

“நான் எங்க போகப்போறேன். இங்கதானே நிக்கிறேன்.”

“அங்க நிண்டு நனையாதையும்.”

மூன்றாம் வாரத்தில் போனின் பின்மூடி சரியாகப் பொருந்தவில்லை. அழுத்தினால் ‘டக்’ என்று திரும்பவும் எழும்பியது. நான் அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்து கூடையை இறக்கிவைத்த அம்மா அதைப் பார்த்தாள். அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். எதையும் ஒளித்து வைக்க இடமில்லாத வீடு.

“அது என்னாடி, புள்ளத்தாச்சி மாதிரி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிது?”

“பேட்ரிம்மா. லேசா உப்பிருச்சு.”

“அத நெஞ்சுல வச்சுக்கிட்டா மலையேறுற? வெடிச்சுத் தொலஞ்சா?”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு, நான் எங்கே நிற்கிறேன், எல்லாம். அதற்கு மேல் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

“அவுங்க ஊட்டுல சம்மதிப்பாங்களா?”

“பேசுறேன்னு சொல்லியிருக்காரு.”

அம்மா தலையை ஆட்டினாள். அது ஆம் என்பதற்கான ஆட்டமில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹட்டனில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுவயது முஸ்லிம் மனிதர். கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருடைய போனையோ திறந்து வைத்திருந்தார். என் பேட்டரியைக் கையில் வாங்கியவர் அதை மேசைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டினார். அது பம்பரம் போலச் சுற்றியது.

“பாத்தீங்களா டீச்சர்? நல்ல பேட்டரி சுத்தாது, தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும். இது சுத்துதுன்னா உள்ளுக்குக் காத்து. இத இனி சார்ஜ் போட வேணாம். இங்கயே வச்சிட்டுப் போங்க.”

“கம்பெனி பேட்டரி இருக்குங்களா?”

“இந்த மாடலுக்கா? கம்பெனியே மறந்திருக்கும் டீச்சர். சைனா ஒன்னு இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், சுமார்தான்.”

அந்தச் சுமாரை வாங்கி வந்தேன். அது உப்பவில்லை. ஆனால் அதற்கு ஒரு வினோதமான குணம் இருந்தது. அறுபது என்று காட்டிக்கொண்டே இருக்கும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணையும். திரும்பப் போட்டால் அப்போதும் அறுபது, மறுபடி அணையும். சில மாலைகளில் ஏழு நிமிடம் தாங்கும், சில மாலைகளில் இரண்டு. நான் பேசக் கற்றுக்கொண்டேன், தந்தி அடிப்பது போல. முக்கியமானதை முதலில் சொல்வது. ஆனால் முக்கியமானது எது என்று தெரிந்தால்தானே முதலில் சொல்வதற்கு. பெரும்பாலும் மழையைப் பற்றித்தான் சொன்னேன்.

அவரும் சுருக்கமாகத்தான் பேசினார். பேட்டரியை நினைத்துச் சுருக்குகிறார் என்று எண்ணினேன். ஒரு நாள் எடுக்காமல் விட்டால், எடுத்திருப்பார், நம் போன்தான் அணைந்து கிடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் எடுக்காமல் விட்டாலும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். கரண்ட் இல்லாத லயத்தில், சார்ஜ் இல்லாத போனுடன் இருப்பவளுக்கு அப்படி எண்ணிக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஒரு மாலை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. சாப்பிட்டீரோ என்று கேட்கவில்லை.

“உம்மட்ட ஒரு விசயம் சொல்லோணும்.”

“சொல்லுங்க.”

“எப்பிடிச் சொல்லுறதெண்டு...”

அணைந்துவிட்டது. ஆத்திரத்தில் பேட்டரியைக் கழற்றி, ஊதி, உள்ளங்கையில் தேய்த்துத் திரும்பப் போட்டேன். வரவேயில்லை. மறுநாள் அவர் எடுத்தபோது கேட்டேன். “அது ஒண்டுமில்லை” என்றார். அதையும் நம்பினேன். அவருடைய அம்மா சம்மதித்துவிட்டாரோ, நேரில் வந்து சொல்ல நினைக்கிறாரோ என்றுகூட ஒரு ராத்திரி முழுக்கக் கற்பனை ஓடியது.

பிறகுதான் ஹட்டன் கடைக்காரர் நல்ல பேட்டரி ஒன்றைத் தேடித் தந்தார். நான் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். யாரோ தண்ணீரில் போட்டுக் கெடுத்த அதே மாடல் போன் ஒன்று பழுதுபார்க்க வந்ததாம். போன் செத்துவிட்டது, பேட்டரிக்குள் தண்ணீர் போகவில்லை.

“கம்பெனி சாமான் டீச்சர். கையில வச்சுப் பாருங்க.”

கனமாக இருந்தது. கண்ணாடிமேல் வைத்துச் சுண்டினார். அசையவில்லை.

“ரெண்டு நாள் தாங்கும். இனி நீங்க என் கடப் பக்கமே வர மாட்டீங்க.”

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அவரிடம் சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். மணிக்கூடு திரும்பவும் நின்றுவிட்டது. புதிதாக வந்திருக்கும் கணித ஆசிரியருக்குப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. நீங்கள் சுவரில் எழுதிப் போட்ட வாய்ப்பாட்டை யாரும் கிழிக்கவில்லை.

ஐந்து மணிக்கு முடக்கில் நின்றேன். சார்ஜ் தொண்ணூற்று எட்டு. சிக்னல் நான்கு கோடு. ஆறு மணிவரை நின்றேன், தொண்ணூற்று ஆறு. போன் அடிக்கவில்லை.

மறுநாளும் நின்றேன். கொழுந்து லாரி போயிற்று, அதன் பின்னால் புகை கலைந்து போயிற்று. அட்டை ஒன்று காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை, செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அது விழித்துக்கொண்டே இருந்தது. என்னுடைய ஆறுதல் எல்லாம் எந்த இடத்தில் இருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கியது. அத்தனை நாளும் அவர் எடுக்காத மாலைகளுக்கெல்லாம் நான் பேட்டரியின் பெயரைச் சொல்லியிருந்தேன். இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் நானே எடுத்தேன்.

“ஹலோ.”

“நான்தான்.”

“ஓம், தெரியுது. எப்பிடி இருக்கிறீங்கள்?”

இருக்கிறீர் இல்லை, இருக்கிறீங்கள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“நல்ல பேட்ரி ஒன்னு கெடச்சிருச்சு. மூனு நாளா போன் அணையவே இல்ல. நீங்கதான் எடுக்கல.”

அந்தப் பக்கம் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் நடந்து கொஞ்சம் தள்ளிப் போவது தெரிந்தது.

“அண்டைக்கு ஒரு விசயம் சொல்ல வந்தனான். கட்டாயிட்டுது.”

“இப்ப சொல்லுங்க. இன்னைக்குக் கட்டாகாது.”

“அம்மா ஒத்துக்கொள்ளேல்லை. ரெண்டு மூண்டு தரம் கதைச்சுப் பாத்தன். பிறகு நான் கதைக்கேல்லை. இப்ப ஒரு இடத்தில பேசி முடிச்சிருக்கினம். தையில கலியாணம்.”

“நான் லயத்துல பொறந்தவங்கிறதாலயா?”

“அது மட்டுமில்லை” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “அதுவுந்தான்” என்றார்.

அதைச் சொன்னதற்காக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மழுப்பியிருந்தால் வந்திருக்கும்.

“எப்ப முடிவாச்சு?”

“ஆவணியில.”

அப்போது ஐப்பசி. நடுவில் எத்தனை மாலைகள் என் காதருகே அந்தப் போன் இளஞ்சூடாக இருந்தது என்று நினைத்தேன்.

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?”

“சொல்லத்தான் எடுத்தனான். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் எடுத்தனான். உங்கட பற்றரி நிண்டுபோகேக்க, சரி, இண்டைக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு... உண்மையா எனக்கு ஒரு நிம்மதி. உங்களோட கதைச்சதாயும் இருக்கும், சொல்லாமல் விட்டதாயும் இருக்கும்.”

நான் மைல்கல்மேல் உட்கார்ந்தேன். அழுதேனா என்று கேட்டால், அப்போது அழவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்ததுதான் காரணம். அந்தக் கூடைப் பேட்டரியிலும் சைனா பேட்டரியிலும் நாங்கள் இருவருமே ஒளிந்துகொண்டிருந்தோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அதன் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் போனை வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். மணிக்கூடு நின்றதைச் சொன்னேன். வாய்ப்பாட்டைச் சொன்னேன். அவர் அங்கே வெயில் தாங்கவில்லை என்றார், குளிருக்குப் பழகிவிட்டேன் என்றார். கொட்டகலையில் சாப்பிட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் அங்கே யாருக்கும் செய்யத் தெரியவில்லை என்றார். அது எங்களுக்குள் நடந்த ஆக நீளமான பேச்சு. அது ஒரு தடவைகூட அறுபடவில்லை. மூடுபனி வந்து ரோட்டை மூடியது, பக்கத்திலிருந்த தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை, போனில் அவர் குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவரின் குரல் போலத் தெளிவாக இருந்தது.

“வைக்கட்டே?” என்றார் கடைசியில்.

“வைங்க.”

அவர் வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீர் வையும்” என்றார்.

நான் வைத்தேன்.

கீழே இறங்குவதற்குள் அம்மா குடையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “பேசிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றேன். குடையை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு என்னை முன்னால் விடாமல் பக்கத்திலேயே நடந்தாள். கால்வாய் தாண்டும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல, இறுக்கமாக. அப்போதுதான் அழுகை வந்தது. “கத்துறதுன்னா இங்கயே கத்திட்டு வா. லயத்துல கேட்டா நாளைக்கு மலையில இதுதான் பேச்சா இருக்கும்” என்றாள். கால்வாய்க் கரையில் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

தை வந்தது, போனது. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், நுவரெலியாவிலிருந்து ஒருவர், கொழும்பில் வேலை செய்யும் ஒருவர். நல்ல மனிதர்கள்தான். நான் இன்னும் யோசிக்கிறேன் என்றேன். அம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. இப்போது என்னிடம் இருப்பது வேறு போன், பின்பக்கம் திறக்கவே முடியாதது.

போன வருடம் பாடசாலைச் சுற்றுலா யாழ்ப்பாணத்துக்கு. இரண்டு பஸ் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளில் பலர் கடலை அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள், அலை கிட்டே வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள். மதியம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கினோம். பார்சலுக்கு வரிசையில் நின்றபோது எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் அவருடைய ஊர்ப் பெயர். மூன்று வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான பெயர், ஆனால் எழுத்தில் அன்றுதான் பார்த்தேன்.

நான் வரிசையை விட்டு அந்த பஸ்ஸின் படிக்கட்டுக்குப் போனேன். நடத்துனர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்.

“இந்த ஊருக்கு இங்கேருந்து எவ்வளவு தூரங்க?”

“எட்டுக் கட்டை வரும் அக்கா. ஏறுங்கோ, இடமிருக்கு.”

உள்ளே ஜன்னலோரத்தில் ஒரு இருக்கை காலியாகத்தான் இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. கீழே ஒரு கூடையில் முருங்கைக்காய்க் கட்டு. எட்டுக் கட்டை என்றால் எட்டு மைல், லிந்துலையிலிருந்து கொட்டகலைக்குப் போய்வருகிற தூரம்கூட இருக்காது.

“இல்லங்க, சும்மாதான் கேட்டேன்” என்றேன்.

என் பேச்சைக் கேட்டு அவர் சிரித்தார். “மலைநாடோ?” என்றார். ஆம் என்றேன். பஸ் கிளம்பியது. வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். பின்னால் பிள்ளைகள் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பார்சலில் ஒன்று குறைகிறதாம்.